ஒயர் மாட்டினால் வீடு

“அப்போ கரடி வந்தா? பாட்டுப் பாடுவியா?” என்றார் என் கணவர் டெல்மர்.

“ஸ்ப்ரே இருக்கு. ரெண்டு டப்பா வாங்கி வெச்சிருக்கேன்.”

“மிளகாய் ஸ்ப்ரே! நம்ம மேல நாமளே காரம் தடவிக்கிட்டு, ‘வாங்க சார், சாப்பாடு ரெடி’ன்னு கூப்பிடற மாதிரி.”

“கனடாக்காரங்க எல்லாம் அதைத்தான் வெச்சிருக்காங்க. அவங்களக் கரடி தின்னு தீர்த்துடுச்சா?”

“கனடாக்காரன் கரடிகிட்டயும் ஸாரி கேட்டுட்டு நகர்ந்துடுவான். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாதே.”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

டெல்மர் ஸ்டீயரிங்கை இடது பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்திருந்தார். வடக்கு மொன்டானாவின் காற்று அப்படி. நேராகப் போகவேண்டுமென்றால் கோணலாகப் பிடிக்கவேண்டும். முப்பத்துநாலு அடி நீளக் கேரவன். ஒவ்வொரு வீச்சுக்கும் பின்னால் அலமாரிக்குள் தட்டுகள் ஒருமுறை நடுங்கி அடங்கின. நான் சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதமாக அதுதான் என் வேலை. அவர் ஓட்டுவார். நான் கோட்டைப் பார்ப்பேன். சக்கரம் கோட்டைத் தொட்டால் தொண்டையைச் செருமுவேன். ஏன் செருமுகிறேன் என்று அவர் கேட்டதில்லை.

“ட்வைலா, ஷெல்பியில அந்தக் கடை எத்தனை மணிக்கு மூடறாங்க?”

“ரெண்டு மணிக்கு. இன்னைக்கு விட்டா செவ்வாய்க்கிழமைதான். மூணாவது தடவையா கேக்கற.”

“நல்ல பதில், அதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.”

நாங்கள் அலாஸ்கா போய்க்கொண்டிருந்தோம். எங்கள் மகள் மார்னி அங்கே பால்மர் ஊரில் இருக்கிறாள். அலாஸ்காவும் அமெரிக்காதான். ஆனால் சாலை வழியாகப் போகவேண்டுமென்றால் நடுவே கனடாவைக் கடக்கவேண்டும். கனடாவுக்குள் கைத்துப்பாக்கி கூடாது. வேட்டைக்கான நீளத் துப்பாக்கி என்றால் படிவம் நிரப்பி, அதிகாரியிடம் காட்டி, எடுத்துப் போகலாம். கைத்துப்பாக்கி என்றால் பேச்சே இல்லை. கேட்கும்போது ஒளித்து, பிறகு கண்டுபிடித்துவிட்டால் கைது. வண்டியும் போகும். எங்களுக்கு வண்டிதான் வீடு. கியர்னியில் இருந்த வீட்டை விற்று ஏழு வருடமாகிறது.

இந்தச் சட்டமெல்லாம் என்னைவிட டெல்மருக்கு நன்றாகத் தெரியும். நெப்ராஸ்கா மாநிலத்தில் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். பெட்ரோல் பம்புகளையும் தானியக் கிடங்கின் தராசுகளையும் சோதித்து முத்திரை வைப்பது வேலை. ஒரு அவுன்ஸ் தப்பினாலும் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடமாட்டார். ஓய்வுபெற்று நாங்கள் ஊர் ஊராகப் போக ஆரம்பித்ததும் அந்தக் கவனமெல்லாம் எங்களிடம் இருந்த ஒரே ரிவால்வர் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மாநிலத்தில் தலையணைக்கடியில் வைக்கலாம். அடுத்த மாநிலத்தில் அதுவே குற்றம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தாள் என்று தடித்த நீல ஃபைல் ஒன்று வைத்திருந்தார். கடைசியில், எது இருப்பதிலேயே கடுமையான சட்டமோ அதையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டார். மொன்டானா போன்ற இடங்களில் இவ்வளவு தேவையே இல்லை. “மொன்டானாவுக்காகப் பண்ணல, எனக்காகப் பண்றேன்” என்பார்.

அவருடைய விதி ஒரே வரி. ஒயர் மாட்டினால் வீடு, கழற்றினால் வண்டி. கேரவன் பார்க்கில் நிறுத்தி, மின்சார ஒயரையும் தண்ணீர்க் குழாயையும் மாட்டிவிட்டால் அது வீடு. அப்போது ரிவால்வர் குண்டுகளோடு படுக்கைக்குப் பக்கத்து டிராயரில் இருக்கும். காலையில் ஒயரைக் கழற்றினால் அது வண்டி. முதலில் குண்டுகளை எடுத்துத் தகர டப்பாவில் போட்டு முன்பக்கத்தில் வைப்பார். பிறகு ரிவால்வரை ஃபிளானல் துணியில் சுற்றி, வண்டியின் வயிற்றுப் பகுதியில் வெளிப்பக்கமாகத் திறக்கும் அறைக்குக் கொண்டுபோய் இரும்புப் பெட்டியில் பூட்டுவார். பெட்டிச் சாவி கழுத்தில். கேரவன் பார்க்குகளில் புதிதாகக் கிளம்பிய தம்பதிகள் கிடைத்தால் போதும், பீரை வைத்துக்கொண்டு இதை வகுப்பு மாதிரி எடுப்பார். ஆண்கள் தலையாட்டுவார்கள். பெண்கள் என்னைப் பார்ப்பார்கள். “இவரை எப்படிம்மா சமாளிக்கிற?” என்ற பார்வை.

எனக்கு ரிவால்வர் பிடிக்காது என்று நினைத்துவிடவேண்டாம். நான் அவரைவிட நன்றாகச் சுடுவேன். எங்கள் சண்டைகளில் அவர் வாயை மூடுகிற ஒரே வாக்கியம் அது. நியூ மெக்ஸிகோவில் ஒரு கேரவன் பார்க்கில் யாரோ எங்கள் கதவுப் பிடியைத் திருகிப் பார்த்த ராத்திரியில், டிராயருக்குள் அது இருக்கிறது என்பதால்தான் நான் மறுபடி தூங்கினேன்.

ஆனால் பிப்ரவரியில் அவர் மின்சார ஒயரைக் கழற்றாமலே வண்டியை எடுத்தார். ஒயர் கம்பத்தோடு பிய்ந்து வந்தது. ஏப்ரலில் வேலன்டைன் ஊர் போகவேண்டியவர் எதிர்த்திசையில் நாற்பது மைல் ஓட்டிவிட்டு, “புல்லு பச்சையா இருந்துச்சு, பாக்கலாம்னு வந்தேன்” என்றார். மே மாதம் மார்னியோடு தொலைபேசியில் பேசும்போது மூன்று முறை, செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். மூன்றாம் முறை மார்னி திருத்தவில்லை. அன்றைக்கு அவள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். ஒன்பதாம் தேதிக்கு ஆங்கரேஜில் ஒரு மூளை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். காது பரிசோதனை என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னாள். அதற்குக் கீழே இன்னொரு வரி. ‘அந்தத் துப்பாக்கியை எடுத்து எங்கேயாவது ஒளிச்சு வெச்சிடும்மா. அவர் கேட்டா தெரியாதுன்னு சொல்லு.’

நான் அதைச் செய்யவில்லை. நாற்பத்தாறு வருடத்தில் அவர் சட்டைப்பையில்கூட நான் கை விட்டதில்லை. கேட்டு வாங்குவேன், அல்லது சண்டைபோட்டு வாங்குவேன். ஒளித்துவைத்துவிட்டு, அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சமைக்க முடியாது. ஆனால் கேட்பதென்றால் காரணம் சொல்லவேண்டும். காரணத்தைச் சொல்லிவிட்டால் அது எங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துவிடும். ஐந்து மாதமாக ஒவ்வொரு காலையும் வாயைத் திறந்து, “காபி வேணுமா?” என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

கனடா குறுக்கே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கேட்கவேண்டாம். ஒரு நாடே எனக்காகக் கேட்கிறது.

எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கும் ஷெல்பியில், டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது, திரும்பி வரும்வரை துப்பாக்கியை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிற அந்தத் துப்பாக்கிக் கடை. ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டெல்மர் கேரவனைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். நான் இறங்கும்போது கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வண்டிச் சுவரில் மோதியது. அவர் வண்டியின் பக்கவாட்டு அறையைத் திறந்து இரும்புப் பெட்டியை வெளியே எடுத்தார். மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுகிறவர் மாதிரி கடைக்குள் ஓடினார்.

கடைக்காரி ஷானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஜடையில் பாதி நரை. கவுண்டரில் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்து வைத்திருந்தாள். காலடியில் கிழட்டு நாய் ஒன்று, எங்களைப் பார்த்து வாலை ஒரே ஒருமுறை தரையில் தட்டிவிட்டுத் தூங்கிப்போனது.

“அலாஸ்காவா?” என்றாள்.

“எப்படித் தெரியும்?” என்றார் டெல்மர்.

“ஜூன் மாசம், கேரவன், முகத்துல பிள்ளையை ஹாஸ்டல்ல விட வந்த கவலை. வருஷத்துக்கு நாப்பது பேர் வர்றாங்க, சார். கவலைப்படாதீங்க, நல்லாப் பாத்துக்குவேன். வேளாவேளைக்குப் பால் குடுப்பேன்.”

டெல்மருக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. கழுத்திலிருந்து சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்தார். ஃபிளானல் துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தார். “குண்டு காலையிலயே எடுத்தாச்சு. தனி டப்பாவுல, முன்னால இருக்கு. முப்பத்தெட்டு காலிபர், அஞ்சு குண்டு போடறது. எங்க அப்பாவோடது இல்ல, நானே வாங்கினது. எல்லாரும் அப்பாவோடதுன்னு கதை விடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே துணியைப் பிரித்தார். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு.

உள்ளே கழிவுக் குழாயின் எல்போ இருந்தது.

கேரவனின் கழிவுத் தொட்டியையும் தரையில் இருக்கும் சாக்கடைத் துளையையும் இணைக்கிற வளைந்த பிளாஸ்டிக் துண்டு. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். காலையில் அவர் அதை நன்றாகக் கழுவியிருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் வளைவுக்குள் அங்குமிங்கும் உருண்டது.

ஷானா சாண்ட்விச்சைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“இந்த மாடல் எனக்குப் புதுசு, சார்,” என்றாள். “ஆனா இதுல சுட்டா எது வரும்னு தெரியும்.”

நான் சிரித்தேன். டெல்மரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, இது சிரிக்கவேண்டிய இடம் என்று தெரிந்துகொண்டு சிரித்த மாதிரி.

“டிராயர்லயே இருக்கும்,” என்றார். “எடுக்க மறந்துட்டேன். அஞ்சு நிமிஷம்.”

“ரெண்டு மணி வரைக்கும் இருப்பேன். ரெண்டு அடிச்சா என் அக்கா பொண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பணும். காத்து நின்னாலும் நான் நிக்க மாட்டேன்.”

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. எல்போ இருக்கவேண்டிய இடத்தில் ரிவால்வர் இருக்கும். பக்கவாட்டில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் இரும்புப் பெட்டி. இன்னொன்றில் கழிவுக் குழாய், ரப்பர் கையுறைகள், எல்போவைப் போட்டுவைக்கிற வாளி. காலையில் கிரேட் ஃபால்ஸ் ஊர்ப் பார்க்கிலிருந்து கிளம்பும்போது இரண்டும் அவர் கையில் இருந்திருக்கின்றன. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார், இடம் மாற்றி.

ஆனால் நான் சொல்லவில்லை. சொன்னால், ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பார். ஒரு வாளியில் போய்த் துப்பாக்கியைத் தேடச் சொல்வது, அவரைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதைச் சொல்வதுதான். அவராகவே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டால் அது வெறும் மறதி. எல்லாருக்கும் வருகிற மறதி.

டிராயரில் இல்லை.

மெத்தையைத் தூக்கினார். மெத்தைக்கடியில் இருந்த குளிர்காலப் போர்வைகளை வெளியே எறிந்தார். நான் மடித்தேன். சமையல் அலமாரியைத் திறந்தார். பட்டாணி டப்பாக்கள், தக்காளிச் சாறு, பான்கேக் மாவு எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கை விட்டு இரண்டு பேனாவும் ஒரு பிஸ்கட்டும் எடுத்தார். வண்டி காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. நிற்கிற வண்டியில் நாங்கள் இருவரும் படகில் நிற்கிறவர்கள் மாதிரி கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

“காலையில என்ன பண்ணின, வரிசையாச் சொல்லு,” என்றேன்.

“காபி குடிச்சேன். குண்டை எடுத்தேன். துணியில சுத்தினேன். கீழே போனேன். பூட்டினேன். அப்புறம் குழாயைக் கழட்டினேன். எப்பவும் அதே வரிசைதான், ட்வைலா. துப்பாக்கி முதல்ல, சாக்கடை அப்புறம். கை அழுக்காகறதுக்கு முன்னாடி அது முடிஞ்சிடணும். அவ்வளவுதான் விதி.”

“சரி. அப்போ பெட்டிக்குள்ள எல்போ எப்படி வந்துச்சு?”

அவர் தகர டப்பாக்களைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியதையே மறுபடி கீழே எடுத்துவைத்தார். என் கைப்பேசி அதிர்ந்தது. மார்னி. ‘எல்லையைத் தாண்டிட்டீங்களா?’ நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்றரை மணி.

“நீ எடுத்தியா?” என்றார் திடீரென்று.

“என்னது?”

“நீயும் மார்னியும் குசுகுசுன்னு மெசேஜ் போட்டுக்கறீங்களே. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைப்பா? எடுத்து எங்கயோ ஒளிச்சு வெச்சுட்டு, கிழவன் தேடட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கற.”

“டெல்மர்.”

“சொல்லு. எடுத்தியா, இல்லையா?”

“நான் எடுக்கறதா இருந்தா உன் மூஞ்சிக்கு நேராக் கேட்டு எடுப்பேன். தெரியும்ல உனக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பயம். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற முகம். “தெரியும்,” என்றார் மெதுவாக. பிறகு போய்ப் போர்வைகளை மறுபடி உதற ஆரம்பித்தார். பத்து நிமிடத்துக்கு முன் நான் மடித்து வைத்த அதே போர்வைகளை.

நான் கீழே இறங்கினேன்.

காற்று என் கோட்டை முதுகுப்புறம் ஊதிப் பெரிதாக்கியது. வண்டியைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். இரண்டாவது அறையின் தாழ்ப்பாளைத் திறந்தேன். பழக்கமான நாற்றம். சுருட்டிவைத்த பழுப்புக் குழாய். வாளி. வாளியின் மேல் ஜோடியாக மடித்த ரப்பர் கையுறைகள். அவர் எதையும் ஒழுங்கில்லாமல் வைப்பதில்லை. கையுறைகளை எடுத்தேன். அடியில், துணி சுற்றாமல், ரிவால்வர்.

எடுத்து, குண்டு போடுகிற சிலிண்டரைத் திறந்தேன். ஐந்து துளைகளிலும் ஐந்து பித்தளை வட்டங்கள் பளிச்சென்று என்னைப் பார்த்தன.

வண்டியின் சக்கரத்தின் மேல் சாய்ந்துகொண்டேன். தினமும் சாயங்காலம் எல்போவை எடுத்துக்கொடுக்க அந்த வாளிக்குள் கை விடுவது நான்தான். அவருக்கு முதுகு வளையாது. பார்க்காமல், பேசிக்கொண்டே விடுவேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே கடையில் கொடுத்திருந்தால் இன்றைக்கும் விட்டிருப்பேன், கனடாவில் ஏதோ ஒரு பார்க்கில். அதற்கு முன்னால் எல்லையில் ஒரு இளம் அதிகாரி, துப்பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருப்பான். டெல்மர் முழு நம்பிக்கையோடு இல்லை என்று சொல்லியிருப்பார். அவர் வாழ்க்கையில் அரசாங்கத்திடம் சொன்ன முதல் பொய்யாக அது இருந்திருக்கும். அது பொய் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுவிட்டுக் காலியாக எடுத்துப்போகலாம் என்று தோன்றியது. வாளியில் இருந்தது என்று மட்டும் சொன்னால் போதும். குண்டு எடுத்ததாவது நினைவிருந்தது என்று அவர் ஆறுதல்படட்டும். கட்டைவிரல் குண்டுகளை வெளியே தள்ளுகிற கோல் வரைக்கும் போனது. பிறகு விரலை எடுத்துவிட்டேன். அதுவும் ஒளித்துவைப்பதுதான்.

அவர் வாசல்படிக்கு வந்திருந்தார். சிலிண்டர் திறந்தபடியே, குழல் தரையைப் பார்க்க, அப்படியே நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“நான் எடுத்தேன்,” என்றார். “குண்டை எடுத்தேன், ட்வைலா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையில சில்லுனு இருந்துச்சு.”

“அது நேத்தைய ஞாபகமா இருக்கலாம்.”

“நேத்து நாம கிளம்பவே இல்ல.”

“அதுக்கு முந்தின தடவையா இருக்கலாம்.”

அவர் படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி ஒருவருக்குத்தான் அகலம். இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு குண்டாக வெளியே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலை மூடிக்கொண்டார்.

“எங்க இருந்துச்சு?”

“வாளியில.”

“சாக்கடை வாளியிலயா?”

“அதுலதான்.”

“நாறுதா?”

“நம்மளவிடக் கொஞ்சம் கம்மி.”

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. காற்றில் அதன் சத்தம் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. எனக்கு எழுந்து நடக்கவேண்டும் போல் இருந்தது. எங்கே என்றில்லை. கால்கள் தாமாகவே தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

“மணி ஒண்ணு அம்பது,” என்றேன்.

“காது டாக்டர் இல்ல, இல்லையா? ஆங்கரேஜ்ல.”

“இல்ல.”

“ம்.” எழுந்தார். என் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி, சிலிண்டருக்குள் வெளிச்சம் படப் பிடித்து, ஐந்து துளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். “வா. கல்யாணத்துக்குப் போற பொண்ணைக் காக்க வைக்கக் கூடாது.”

ஷானா நல்ல சட்டைக்கு மாறியிருந்தாள். நாய்க்குக் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். ரிவால்வரை வாங்கி, குழலைச் சுவரைப் பார்க்கப் பிடித்து, அவளும் ஐந்து துளைகளையும் பார்த்தாள். பிறகு மூக்கை ஒருமுறை சுளித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கவுண்டருக்கடியிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். அந்தத் துடைப்புக்காக நான் அவளை எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

“எண் படிக்கிறேன், சரி பாருங்க, சார்,” என்று சொல்லிவிட்டு, ரிவால்வரில் பொறித்திருந்த எண்ணைப் படித்து ரசீதுப் புத்தகத்தில் எழுதினாள்.

“கடைசியில எட்டு இல்ல, மூணு,” என்றார் டெல்மர். “பக்கத்துல கீறல் இருக்கு, அதனால எட்டு மாதிரித் தெரியும்.”

அவள் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். மூன்றுதான். “அடேயப்பா! சாருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கே.”

டெல்மரின் முதுகு நிமிர்ந்தது. கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டார். நான் அவர் காதுக்குப் பின்னால் இருந்த வெள்ளை முடியைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் அவர் தானியக் கிடங்கில் தராசு முன்னால் நின்ற மனிதர்தான். முதலாளிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய முத்திரைக்காகக் காத்திருப்பார்கள்.

“செப்டம்பர்ல திரும்பி வருவீங்களா?”

“பனி விழறதுக்கு முன்னாடி,” என்றார்.

“சரி. ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். இந்த ரசீதுல யாரு பேரு எழுதறேனோ, அவங்க கையிலதான் திருப்பிக் குடுப்பேன். அடையாள அட்டை பாத்துட்டு. புருஷன் பேர்ல இருந்தா பொண்டாட்டிகிட்ட குடுக்க மாட்டேன். பொண்டாட்டி பேர்ல இருந்தா புருஷன் அழுதாலும் குடுக்க மாட்டேன். போன வருஷம் ஒருத்தர் கதவை உதைச்சாரு, அப்பவும் குடுக்கல. என் கடை வழக்கம் அது. அதனால யோசிச்சுச் சொல்லுங்க. யார் பேர்ல எழுதட்டும்?”

கேள்வி எங்கள் இருவரையும் பார்த்துத்தான். ஆனால் பேனா டெல்மர் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் பணப்பையை எடுத்து, ஓட்டுநர் உரிமத்தை உருவி, ஏற்கெனவே கவுண்டர் மேல் பாதி தூரம் தள்ளியிருந்தார். விரல் அதன் மேலேயே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. ஷானா அதைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் அவளாக எழுதமாட்டாள். எழுதினாலும் நான் விடமாட்டேன்.

என் கைப்பையிலிருந்து என் உரிமத்தை எடுத்தேன். அதைக் கவுண்டர் மேல், அவருடைய உரிமத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தள்ளவில்லை. இரண்டு படங்களிலும் நாங்கள் ஏழு வருடம் இளையவர்கள்.

டெல்மர் குனிந்து இரண்டையும் பார்த்தார்.

“நீதான் சொல்லணும், டெல்மர்,” என்றேன். “நான் எடுத்துக்க மாட்டேன். நீயே அவங்ககிட்ட சொல்லு. என் பேரை எழுதச் சொல்லு.”